தாப்பா சடக்கில் நான்கு திராட்டல் காடி

கேமரன் மலைக்கு மேற்குப் பக்கமிருந்து ஏற இன்று இரண்டு வழிகள் பழக்கத்தில் உள்ளன. ஈப்போ பக்கமிருந்து வருகிறவர்கள் சிம்பாங் பூலாய் வழியாக ஏறுவார்கள். அகலமான புதிய சாலை. பின்னிருக்கையில் இருக்கும் பிள்ளைகள் வாந்தி எடுக்காமல் கம்போங் ராஜா போய்ச் சேரலாம். மற்றது தாப்பா சடக்கு, கூட்டரசுச் சாலை எண் 59. வெள்ளைக்காரன் காலத்தில் மலையைச் சுற்றிச் சுற்றி வெட்டிய வழி. தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அதில் நேராக இருக்கும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

என் அப்பா இந்தச் சடக்கில் 22 ஆண்டுகள் காய்கறி லோரி ஓட்டியவர். ரிங்லெட்டில் சாயங்காலம் கோஸும் தக்காளியும் ஏற்றினால், விடிவதற்குள் கோலாலம்பூர் மொத்தச் சந்தையில் இறக்கிவிட வேண்டும். அவருடைய அக்கா, அதாவது எங்கள் அத்தை, இன்னும் ரிங்லெட்டில்தான் இருக்கிறார். ஆண்டுக்கு ஒருமுறையாவது போய் அத்தையைப் பார்த்துவிட்டு வருவது எங்கள் வீட்டு வழக்கம். ஒன்றரை ஆண்டுக்கு முன் டிசம்பர் விடுமுறையில் அப்பாவையும் அம்மாவையும் என் காடியில் கூட்டிப் போனேன். திரும்பி வந்த பிறகு அப்பா என் காடியில் ஏறவே இல்லை. மார்க்கெட்டுக்குப் போவதென்றாலும் தங்கச்சியின் மைவியைத்தான் கூப்பிடுவார். போன ஆண்டு அத்தையைப் பார்க்கவும் அவர் போகவில்லை.

அவரிடம் காரணம் கேட்க வேண்டியதில்லை. எனக்கே தெரியும்.

அந்தக் காடி உண்மையில் அவருடையது. 1990களின் தொயோத்தா கொரோலா எஸ்.இ.ஜி. லோரியை விட்டு இறங்கிய பிறகு பழைய வண்டியாக வாங்கி, பத்து ஆண்டுகள் பூப்போல ஓட்டி, எனக்கு வேலை கிடைத்ததும் சாவியைக் கையில் கொடுத்தார். நான் என்ன செய்தேன்? அதன் இதயத்தைக் கழற்றிவிட்டு வேறொன்றை வைத்தேன்.

நம் நாட்டில் ‘ஹாஃப் கட்’ கடைகளைப் பார்த்திருப்பீர்கள். ஜப்பானில் ஓடி முடித்த காடிகளை முன்பாதி தனியாக வெட்டி, கொள்கலனில் அடுக்கிக் கொண்டுவந்து விற்கிற இடங்கள். அப்படி ஒரு கடையில்தான் அந்த என்ஜின் கிடைத்தது. 4ஏ-ஜிஇ, 20 வால்வு. வெள்ளி நிற மூடி போட்டிருப்பதால் ‘சில்வர் டாப்’ என்பார்கள். 1991இல் ஜப்பானியக் கொரோலா லெவின், ஸ்பிரிண்டர் டிரெனோ வண்டிகளில் வந்தது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்று உள்ளே வர மூன்று வால்வு, புகை வெளியே போக இரண்டு. கொள்ளளவு 1,587 சிசி. அப்பாவின் பழைய என்ஜினும் அதே 1,587 சிசிதான். ஆகவே சாலை வரி ஒரு காசும் கூடவில்லை. சக்தி மட்டும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு: தொழிற்சாலைக் கணக்குப்படி 7,400 சுற்றில் 160 குதிரைத்திறன். என்ஜின் எண் மாறுகிறது என்பதால் ஜே.பி.ஜே.யில் சொல்லிப் பரிசோதனைக்குக் காட்டிப் பதிய வேண்டும், காப்புறுதிக்கும் தெரிவிக்க வேண்டும். இதைச் செய்யாமல் ஓட்டுகிற தம்பிகள் ஒரு விபத்து வரும் வரைக்கும்தான் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் நான் அதை வாங்கியது குதிரைத்திறனுக்காக இல்லை. அந்த என்ஜினில் நான்கு திராட்டல். நம் ஊர்க் காடிப் பைத்தியங்கள் ‘ஃபோர் திராட்டல்’ என்ற சொல்லை உச்சரிக்கும்போதே குரல் மாறும்.

காடி விஷயத்தில் ஆர்வம் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நாம் காலால் எண்ணெய் அழுத்துகிறோம் என்று சொல்கிறோமே, உண்மையில் காலால் திறப்பது காற்றின் கதவை. குழாய்க்குள் ஒரு வட்டத் தகடு திரும்புகிறது. காற்று உள்ளே போகிறது. அதற்கேற்ற பெட்ரோலைக் கணினி பீய்ச்சுகிறது. சாதாரணக் காடியில் அந்தக் கதவு ஒன்றே ஒன்று. அதன் வழியாக வரும் காற்று ஒரு பொது அறையில் நிறைந்து, அங்கிருந்து நான்கு சிலிண்டருக்கும் பிரிந்து போகும். தோட்டத்து லயங்களில் நான்கு வீட்டுக்கு ஒரு பொதுக் குழாய் இருந்ததாக அப்பா சொல்வார், அதைப் போல. நான்கு திராட்டல் என்பது ஒவ்வொரு வீட்டு அடுப்படிக்குள்ளும் ஒரு குழாய். கதவு வால்வுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பொது அறை நிறையும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கால் அசைந்த கணமே என்ஜின் பதில் சொல்லும். பந்தயக் காடிகளிலும் பெரிய மோட்டார் சைக்கிள்களிலும் அதனால்தான் இந்த முறை. பி.எம்.டபிள்யூ. எம்3, நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் போன்ற சில சாலைக் காடிகளிலும் தொழிற்சாலையிலேயே ஆளுக்கொரு திராட்டல் வைத்து விற்றிருக்கிறார்கள்.

அடுத்தது சத்தம். கதவு திறந்ததும் நான்கு தொண்டையும் சேர்ந்து காற்றை உறிஞ்சும் சத்தம் புகைக்குழாய்ச் சத்தம் போல இருக்காது. முன்னாலிருந்து, நெஞ்சுக்கு நேராக வரும். அதைக் கேட்டுவிட்டு ஒருவன் நிதானமாக முடிவெடுப்பது கடினம்.

நானும் நிதானமாக முடிவெடுக்கவில்லை. ஜப்பான்காரன் அந்த நான்கு தொண்டைக்கும் மேல் ஒரு பெட்டி வைத்து, ஒரே வடிகட்டி வழியாகக் காற்று வரும்படி செய்திருந்தான். முதல் பட்டறையில் அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு நான்கு ஊதுகுழல்களைத் திறந்தபடி விடச் சொன்னேன். பானெட்டைத் திறந்து காட்டினால் அழகாக இருக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. பெட்டி போனால் காற்றை அளக்கும் கருவியும் போகும். எனவே வேறு கணினி. அது காற்றை அளக்காது. கதவு எத்தனை பாகை திறந்திருக்கிறது, என்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற இரண்டை மட்டும் வைத்துப் பெட்ரோலைக் கணக்கிடும். கிள்ளானில், கடல் மட்டத்துக்குப் பக்கத்தில், அந்தக் கணக்கைச் சரிசெய்து கொடுத்தார்கள். பிரேக் பூஸ்டருக்கான குழாயை ஒரே ஒரு சிலிண்டரின் பாதையிலிருந்து எடுத்து மாட்டினார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அது தவறு என்று எனக்குத் தெரியாது.

அந்த டிசம்பரில் மேலே போகும்போதே அறிகுறி தெரிந்தது. தானா ராத்தாவில் சமிக்ஞை விளக்கில் நின்றால் என்ஜின் மூச்சு வாங்கியது. பெட்ரோல் வாடை. அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தம் கிள்ளானைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவு. கதவு அதே அளவு திறந்தாலும் உள்ளே போகும் காற்று குறைவு. என் கணினிக்குத்தான் மலை தெரியாதே! கிள்ளானில் ஊற்றிய அதே பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருந்தது.

ஆனால் அப்பாவை இறக்கிவிட்டது அது இல்லை. திரும்பும்போது, ரிங்லெட்டைத் தாண்டிப் பேராக் எல்லைக்குள் வந்த பிறகு, முன்னால் ஒரு காய்கறி லோரி. ஒவ்வொரு வளைவிலும் பிரேக். கீழ்க்கியர் மாற்றும்போது பிரேக்கை மிதித்தபடியே பாதத்தின் ஓரத்தால் எண்ணெயைத் தட்டிவிடும் பழக்கம் எனக்கு. காணொளி பார்த்துக் கற்றது. முதல் வளைவு சரி. இரண்டாவது சரி. மூன்றாவதில் பெடல் கல்லாகிவிட்டது. மிதிக்கிறேன், இறங்கவில்லை. லோரியின் பின்பக்கம் பெரிதாகிக்கொண்டே வந்தது. இரண்டு காலையும் வைத்து, இருக்கையிலிருந்து எழும்பி மிதித்து, கைப்பிரேக்கையும் இழுத்தேன். சடக்கோரத்துப் புல்லில் ஏறிக் காடி நின்றது. இடப்பக்கம் இரண்டடிக்கு அப்பால் பள்ளம்.

அம்மா முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்பா ஒன்றும் பேசவில்லை. கதவைத் திறந்து இறங்கினார். போத்தல் தண்ணீரைக் குடித்தார். பிறகு பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை எடுத்து வைத்தார், லோரிக்கு வைப்பது போல. வீடு வந்து சேரும் வரை ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: “நான் குடுத்த காடியில பிரேக் நல்லா இருந்துச்சி.”

அதற்குப் பிறகு ஏழு மாதம் காடி வீட்டு முன்னால் தார்ப்பாயின் கீழ் கிடந்தது. விற்றுவிடலாமா என்றுகூட நினைத்தேன். கடைசியில் காப்பார் பக்கம் ஒரு சிறிய பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் காடியைப் பார்த்ததும் என்ஜினைக் கேட்கவில்லை. ஒரு காற்றழுத்தமானியை எடுத்துப் பூஸ்டர் குழாயில் மாட்டி, என்ஜினை ஓடவிட்டு, என்னைப் பார்க்கச் சொன்னார். முள் நிற்காமல் துடித்தது.

“தம்பி, வெற்றிடம் எங்கேர்ந்து வருதுன்னு யோசிச்சிப் பாத்தியா?” என்றார்.

பிரேக் பூஸ்டர் என்பது நம் காலுக்குத் துணைக்கு நிற்கும் ஆள். அதன் ஒரு பக்கம் வெற்றிடம், மறு பக்கம் வெளிக்காற்று. அந்த வித்தியாசம்தான் பெடலை அழுத்த உதவுகிறது. வெற்றிடத்தைத் தருவது என்ஜினின் உறிஞ்சல். ஒற்றைத் திராட்டல் காடியில் நான்கு சிலிண்டரும் மாறி மாறி ஒரே பொது அறையிலிருந்து உறிஞ்சுவதால் அங்கே எப்போதும் நிலையான வெற்றிடம் இருக்கும். நான்கு திராட்டலில் பொது அறையே இல்லை. ஒவ்வொரு பாதையிலும் அந்தந்தச் சிலிண்டர் உறிஞ்சும் நேரத்தில் மட்டும் வெற்றிடம். நான்கு வீச்சில் ஒரு வீச்சு. மற்ற நேரம் கதவின் இடுக்கு வழியே வெளிக்காற்று வந்து நிரப்பிவிடும். நான் ஒரே ஒரு பாதையிலிருந்து குழாய் எடுத்திருந்தேன். கிடைத்தது கால்பங்கு, அதுவும் துடித்துத் துடித்து. நேர்ச் சாலையில் எப்போதாவது பிரேக் பிடிக்கும்போது அது போதும். மூன்று வளைவில் மூன்று தடவை அடுத்தடுத்து மிதித்தால் சேமிப்பு தீர்ந்துவிடும். போதாததற்கு, பிரேக்கை மிதித்துக்கொண்டே எண்ணெயைத் தட்டினேனே, ஒவ்வொரு தட்டலிலும் கதவு திறந்து இருந்த கொஞ்ச வெற்றிடத்தையும் நானே கலைத்துக்கொண்டிருந்தேன். மலை உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு என்பதால் பூஸ்டரின் உதவியும் அங்கே கொஞ்சம் குறைந்துதான் இருக்கும். எல்லாம் ஒரே வளைவில் சேர்ந்துகொண்டன.

பிரேக் பழுதாகவில்லை. பூஸ்டர் இல்லாவிட்டாலும் பிரேக் வேலை செய்யும். ஆனால் பல மடங்கு பலத்தோடு மிதிக்க வேண்டும். என் அம்மா ஓட்டியிருந்தால் மிதித்திருக்க முடியாது.

அண்ணன் செய்த வேலை பார்ப்பதற்குப் பெரிதாக இல்லை. நான்கு பாதையிலும், கதவுக்கும் வால்வுக்கும் இடையில், சிறு துளையிட்டு நான்கு மெல்லிய குழாய்களை எடுத்தார். நான்கும் ஒரே நீளம். அவை ஒரு சிறிய உலோக டப்பாவில் சேர்ந்தன. டப்பாவிலிருந்து ஒருவழி வால்வு. அதற்குப் பிறகு பூஸ்டர். குழாய் ஏன் இவ்வளவு மெல்லியதாக இருக்கிறது என்று கேட்டேன். தடியாகப் போட்டால் நான்கு பாதையும் மறுபடி ஒன்றோடொன்று கலந்துவிடும், நான்கு திராட்டல் வைத்ததற்கே பொருள் இல்லாமல் போகும் என்றார்.

பிறகு கதவுகளைச் சமன் செய்தார். நான்கு தகடும் ஒரே நேரத்தில், ஒரே அளவு திறக்க வேண்டும். மயிரிழை பிசகினால் ஒரு சிலிண்டர் உழைக்கும், இன்னொன்று சும்மா இருக்கும், என்ஜின் நின்ற இடத்தில் நடுங்கும். கருவி வைத்து அளந்த பிறகும் அவருக்குத் திருப்தி இல்லை. ஒரு முழ ரப்பர்க் குழாயை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு தொண்டைக்குள்ளும் காட்டிக் காற்றின் சீறலைக் கேட்டார். திருகாணியைக் கால் சுற்று திருப்புவார், கேட்பார். மீண்டும் திருப்புவார். அரை மணி நேரம் பட்டறையில் யாரும் பேசவில்லை.

ஊதுகுழல்களை அவர் பார்த்த பார்வையை எழுத முடியாது. “வடிகட்டி இல்லாம நம்ம ஊரு தூசியக் குடிச்சா இந்த என்ஜின் எத்தன நாளு தாங்கும்?” பானெட்டுக்குள் இருக்கும் காற்று கொதிக்கிற காற்று, சூடான காற்றில் அடர்த்தி குறைவு, ஆகத் திறந்த ஊதுகுழலால் சாலையில் சக்தி கூடுவதைவிடக் குறைவதற்குத்தான் வாய்ப்பு. மலை மழையில் தண்ணீரும் போகும். ஹாஃப் கட் கடையில் பழைய பெட்டி ஒன்றைத் தேடி வாங்கி மாட்டினோம். வடிகட்டிக்கு முன்பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று வர ஒரு குழாய். கணினிக்கு வெளிக்காற்றின் அழுத்தத்தைச் சொல்லும் ஒரு சிறு உணரி. இனி அதற்கும் மலை தெரியும். சத்தம் பாதியாகக் குறைந்தது. மறைக்காமல் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று தொலைபேசி வந்தது அந்தச் சமயத்தில்தான். பெரிய நோய் இல்லை, முட்டிவலி. ஆனால், “தம்பிய ஒரு தடவ கண்ணால பாக்கணும்” என்றாராம். தங்கச்சியின் மைவி சர்வீசுக்குப் போயிருந்தது. அப்பா வாசலில் நின்று காடியைப் பார்த்தார்.

“பிரேக்க காட்டு,” என்றார்.

இந்தச் சோதனையை எந்தக் காடிக்கும் யாரும் செய்யலாம். என்ஜினை அணைத்துவிட்டு பெடலை ஐந்தாறு தடவை மிதியுங்கள். சேமிப்பு தீர்ந்து பெடல் விறைக்கும். காலை அழுத்தியபடியே என்ஜினை இயக்குங்கள். பெடல் தானாகக் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கினால் பூஸ்டருக்கு வெற்றிடம் போகிறது. பிறகு என்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து மிதித்துப் பாருங்கள். முதல் ஒன்றிரண்டு மிதி மென்மையாக இருந்தால் ஒருவழி வால்வும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்பா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் இதை நான்கு தடவை செய்தார். எதுவும் சொல்லாமல் இறங்கிப் பக்கத்து இருக்கைக்குப் போய்விட்டார். அம்மா, “நீங்க ரெண்டு பேரும் மொதல்ல போயிட்டு வாங்க, நான் அடுத்த தடவ வாரேன்,” என்று கதவருகிலேயே நின்றுகொண்டார்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். நெடுஞ்சாலையைப் பற்றி எழுத அதிகம் இல்லை. தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், சுங்கை, பீடோர். 110இல் போகும்போது நான்கு கதவும் இடுக்கு அளவுதான் திறந்திருக்கும். எந்தக் கொரோலாவும் அப்படித்தான் போகும். இந்த என்ஜினின் இன்னொரு குணம் ரவாங் நெரிசலில்தான் தெரிந்தது. நான்கு கதவு சேர்ந்தால் பெரிய வாசல்; காலை ஒரு நூல் அழுத்தினாலே காற்று கொட்டும். ஊர்ந்து போகும்போது காடி முட்டி முட்டிப் போகும். அப்பா ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் ஓட்டினேன். அதற்குப் பிறகு சரியாக இருந்தது.

தாப்பாவில் பசியாறினோம். ரொட்டி சானாய், தே தாரிக். அப்பா லோரி ஓட்டிய காலத்தில் நின்ற கடை இப்போது கைப்பேசிக் கடையாகிவிட்டது. 97 ஊற்றிக்கொண்டேன், இந்த என்ஜினுக்கு அதுதான் ஒத்துவரும்.

ஊரைத் தாண்டியதும் மூங்கில் இரண்டு பக்கமும் சாய்ந்து நிற்கும். செமாய் மக்களின் கம்போங்குகள், சடக்கோரத்துச் சாய்ப்புகளில் பெத்தாய்க் கொத்துகள், காட்டுத் தேன், பருவம் வந்தால் டுரியான். லாத்தா இஸ்கண்டார் அருவியில் நிற்காமல் போகிற குடும்பத்தை நான் பார்த்ததில்லை. நாங்களும் நின்றோம். அருவித் தண்ணீர் பாறையில் வழிந்து சடக்கின் ஓரம் வரை வருகிறது. அந்தக் காலத்தில் லோரியின் ரேடியேட்டருக்குத் தண்ணீர் இங்கேதான் பிடிப்பார்களாம். “ஏறும்போது லோரிக்கு, எறங்கும்போது மூஞ்சிக்கு,” என்றார் அப்பா. தூக்கம் வராமல் இருக்க முகம் கழுவுவதைச் சொல்கிறார்.

அருவியைத் தாண்டி ரிங்லெட் வரைக்கும் உள்ள வளைவுகளுக்காகத்தான் நான்கு திராட்டல் என்று சொல்வேன். நேர்ச் சாலையில் இதை வைத்திருப்பது தண்டம். 4,000 சுற்றுக்குக் கீழே இந்த என்ஜினில் பெரிய பலம் இல்லை. அப்பாவின் பழைய என்ஜின் சோம்பலாக, ஆனால் சிரமப்படாமல் ஏறும். 7,400 சுற்றை நான் சாலையில் தொட்டதே அபூர்வம். அப்படியானால் என்ன பயன்? இரண்டாம் கியரில் வளைவுக்குள் நுழைந்து, காடி திரும்பி முடிக்கும்போது கால்விரலை ஒரு நூல் அசைத்தால், அந்த ஒரு நூலுக்கான பலம் அதே கணம் சக்கரத்தில் இருக்கும். கூடவும் இல்லை, குறையவும் இல்லை, தாமதமும் இல்லை. வேகமாகப் போக வேண்டியதில்லை. 40இலேயே அது தெரியும். பெட்டிக்குள்ளிருந்து அடங்கிய உறுமல் ஒன்று வந்து பாறைச் சுவரில் பட்டுத் திரும்பியது. நான் கண்ணாடியை இறக்கினேன். அப்பா, “குளுருது,” என்றார். ஏற்றிவிட்டேன்.

ஒரு லோரிக்குப் பின்னால் பத்து நிமிடம் போனோம். அது இடது விளக்கைப் போட்டது. தாண்டலாம் என்று பொருள். நான் எண்ணெயில் காலை வைத்தேன்.

“அவன் பாத்துச் சொல்றான், சரி. நீயும் பாரு. வளவுக்கு அந்தப் பக்கம் அவனுக்கும் கண்ணு இல்ல.”

அடுத்த வளைவு வரை பொறுத்தேன்.

ரிங்லெட்டில் அத்தை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் யார் யார் செத்துப்போனார்கள் என்று கணக்கெடுத்தார்கள். பிறகு அத்தைக்கு வெளியே போக ஆசை வந்துவிட்டது. அவரையும் ஏற்றிக்கொண்டு, ஹாபு ஏரியைத் தாண்டி தானா ராத்தா வரை போனோம். பின்னிருக்கையில் அத்தை தேயிலைச் சரிவுகளைக் காட்டி, எந்தப் பாத்தியில் தான் கொழுந்து கிள்ளினார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். சமிக்ஞை விளக்கில் நின்றேன். என்ஜின் கடிகாரம் போல ஓடியது. நான் மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். அத்தையின் தைல வாடை மட்டும்தான் வந்தது.

மூன்று மணிக்கு வழக்கமான மழை. அத்தையை வீட்டில் விட்டுவிட்டு நான்கரைக்கு இறங்கத் தொடங்கினோம். எனக்கு உள்ளங்கை வேர்த்திருந்தது. அப்பாவுக்கும் அந்த இடம் நெருங்குவது தெரியும். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர் நேராக உட்கார்ந்தார்.

“எந்தக் கியர்ல ஏறின?”

“ரெண்டு.”

“ரெண்டுலயே எறங்கு. பிரேக்க வேலைக்காரனா வெச்சிக்காத. அவன் உதவிக்கு வர்றவன்.”

காலை எண்ணெயிலிருந்து முழுதாக எடுத்தேன். நான்கு கதவும் மூடின. என்ஜின் காடியைப் பிடித்துக்கொண்டது. கதவு மூடி, சுற்று கூடி இருக்கும் அந்த நேரத்தில்தான் வெற்றிடம் மிக அதிகம். டப்பா நிரம்பிக்கொண்டே வரும். பாதத்தின் ஓரத்தால் தட்டும் வித்தையை அன்று செய்யவில்லை. வளைவுக்கு முன்னால் ஒரு முறை, மெதுவாக, பிரேக். பெடல் வெண்ணெய் போல இறங்கியது. அடுத்த வளைவு. அதற்கும் அடுத்தது. நான் வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். நான்கு, ஐந்து, ஆறு. புல்லோரம் ஏறி நின்ற இடம் ஈரத்தோடு பின்னால் போனது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம், பேசவில்லை.

வழியில் ஒரு சாய்ப்பில் நிறுத்தச் சொல்லி அப்பா இரண்டு கொத்து பெத்தாய் வாங்கினார். தாப்பாவுக்குள் நுழைந்ததும் அவரே, “ஒரு ஓரமா நிறுத்து,” என்றார். இறங்கி, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, புறங்கையை ரிம்முக்கு அருகில் காட்டிச் சூடு பார்த்தார். நான்கு சக்கரத்துக்கும் போனார். பட்டறை அண்ணன் காதில் ரப்பர்க் குழாயை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தொண்டையாகப் போனது எனக்கு நினைவுக்கு வந்தது.

“பரவால்ல,” என்றார். உள்ளே வந்து உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். “அந்தக் குழா மாட்டிக் குடுத்தவரு யாரு? அவருக்கு ஒரு கொத்து பெத்தாய் கொண்டுபோய்க் குடு.”

நெடுஞ்சாலையில் ஏறியதும் வானொலியை முடுக்கினார். செய்தி நேரம். நான் ஆர்வத்தில் காலைக் கொஞ்சம் அழுத்திவிட்டேன் போலிருக்கிறது.

“மெதுவா போடா. செய்தி கேக்கல.”